12ஆம் திகதிக்கு ஆங்கில வால் எதற்கு?

 

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளைக்கும் காட்டுங்கள். பள்ளிவாசல், நலன்புரிச் சங்கம், முன்பள்ளி, டியூஷன் வகுப்பு என்று எங்காவது கணினியில் பெயர்ப்பட்டியல் வைத்திருப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள்.

நம் போனுக்கு வரும் தமிழ்க் குறுந்தகவல்களை ஒரு தடவை நின்று பாருங்கள். "உங்கள் கட்டணத்தை" என்று ஒழுங்காகத் தமிழில் தொடங்கும். நடுவில் 22 என்று ஓர் எண் வரும். அதன் முதுகில் என், டீ என்று இரண்டு ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கும். பிறகு "திகதிக்கு முன்னர் செலுத்தவும்" என்று மறுபடியும் தமிழ். இன்னொன்றில் "22வது ஒக்டோபர்" என்றிருக்கும். வேறொன்றில் "22??? திகதி" என்று மூன்று கேள்விக்குறி நிற்கும். பாடசாலை அறிவித்தல், பரிசளிப்பு விழா அழைப்பிதழ், சான்றிதழ் என்று எங்கேயும் இதே கதைதான்.

"திகதி விளங்குகிறதுதானே, இதையெல்லாம் ஒரு பிரச்சினை என்று எழுத வேண்டுமா?" என்று கேட்பீர்கள். எழுத வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆங்கிலம் வாசிக்காத ஒரு தாய்க்கு அந்த இரண்டு எழுத்து ஒரு தடங்கல். அதைவிடப் பெரிய விஷயம், இந்த வால் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தால் ஒரு பிள்ளையின் பெயரே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அது எப்படி என்று கீழே கணக்கோடு காட்டுகிறோம்.

முதலில், அந்த வால் எங்கிருந்து வருகிறது?

நம் பெயர், பிறந்த திகதி, கட்டண விவரம் எல்லாம் தரவுத்தளம் ஒன்றில் கிடக்கின்றன. அதனிடம் கேள்வி கேட்கும் மொழிதான் எஸ்கியூஎல். உயர்தர ஐசிடி பாடத்திட்டத்தில் நம் பிள்ளைகள் படிப்பதும் அதைத்தான். "இந்த மாதம் பணம் கட்ட வேண்டியவர்களின் பெயரையும் திகதியையும் தா" என்று அந்த மொழியில் எழுதினால் அது ஒரு வினவல். திகதியை எந்த உருவத்தில் தர வேண்டும் என்றும் அதே வினவலில் சொல்லலாம். வால் ஒட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

ஆங்கிலத் திகதிக்கு நான்கு வால்கள். 1, 21, 31 மூன்றுக்கும் எஸ்டீ. 2, 22 இரண்டுக்கும் என்டீ. 3, 23 இரண்டுக்கும் ஆர்டீ. மிச்சமுள்ள 24 நாட்களுக்கும் டீஎச். எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்து விதி எழுதும் மாணவர்கள் 11, 12, 13 மூன்றிலும் வழுக்கி விழுவார்கள். கடைசி இலக்கம் 1, 2, 3 என்றாலும் அந்த மூன்றுக்கும் வால் டீஎச்தான். மேலே சொன்ன ஏழு நாட்களையும் பெயர் சொல்லிக் குறித்துவிட்டு "மற்றவை எல்லாம் டீஎச்" என்று எழுதினால் பிழை வராது.

இந்தத் தொல்லையைக் குறைக்க மென்பொருள் செய்தவர்கள் வசதி வைத்திருக்கிறார்கள். மைஎஸ்கியூஎல்லில் சதவீதக் குறியும் பெரிய டீ எழுத்தும் போட்டால் நாள் எண் ஆங்கில வாலோடு வரும். போஸ்ட்கிரேஸிலும் ஒராக்கிளிலும் நாளைக் குறிக்கும் இரண்டு டீக்குப் பின்னால் டீஎச் என்று எழுதினால் போதும், 1க்கும் 2க்கும் பொருத்தமான வாலை அதுவே தெரிந்துகொள்ளும். ஒராக்கிள் இன்னும் ஒரு படி மேலே போய் எண்ணை ஆங்கிலச் சொல்லாகவே எழுதித் தரும். மைக்ரோசொப்டின் எஸ்கியூஎல் சேர்வரில் இந்த வசதி இல்லை. அங்கே அந்த ஏழு நாள் விதியை நாமே எழுத வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மைஎஸ்கியூஎல்லில் மாதப் பெயர், கிழமைப் பெயர்களை வேறு மொழிகளில் தரும்படி அமைக்கலாம். அந்த மொழிப் பட்டியலில் இந்தியத் தமிழ் இருக்கிறது. இலங்கைத் தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. சரி, இந்தியத் தமிழையே தெரிவு செய்கிறோம் என்று வையுங்கள். மாதப் பெயர் தமிழில் வரும். நாம் ஒக்டோபர் என்று எழுதுவது அங்கே அக்டோபர் என்று வரும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாளின் வாலோ அசையாது. அது எந்த மொழியைத் தெரிவு செய்தாலும் ஆங்கிலம்தான். ஒராக்கிளிலும் போஸ்ட்கிரேஸிலும் அப்படியே. பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் திகதி வருவதற்கு இதுதான் காரணம். யாரும் வேண்டுமென்று செய்த சதி இல்லை. ஆங்கிலச் செய்திக்கு எழுதிய வினவலை எடுத்து, சுற்றியுள்ள சொற்களை மட்டும் தமிழாக்கி, நடுவில் உள்ள எண்ணைத் தொடாமல் விட்டதன் விளைவு.

அந்த மூன்று கேள்விக்குறியின் கதையும் சுவாரசியமானது. "ஆம்" என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு அது மூன்று குறி: ஆ, ம, அதன் மேலுள்ள புள்ளி. எஸ்கியூஎல் சேர்வரில் தமிழ்ச் சொல்லின் முன்னால் பெரிய என் எழுத்தைப் போடாமல் எழுதினால் மூன்று குறியும் மூன்று கேள்விக்குறியாகிவிடும். அதாவது அந்தச் செய்தியை எழுதியவர் சரியான தமிழைத்தான் எழுதியிருக்கிறார். ஓர் ஆங்கில எழுத்தை விட்டதால் அவருடைய தமிழ் காணாமல் போனது.

இனி நம் மொழியைப் பார்ப்போம். ஆங்கிலத்துக்கு நான்கு வால் என்றால் தமிழுக்கு எத்தனை? ஒன்றே ஒன்று: "ஆம்". எண்ணால் எழுதும்போது 1ஆம், 2ஆம், 11ஆம், 23ஆம், 31ஆம். விதிவிலக்கே கிடையாது. சொல்லால் எழுதும்போதுதான் முதலாம், பதினோராம், இருபத்தோராம், முப்பத்தோராம் என்று உருவம் மாறும். சிங்களத்திலும் எண்ணுக்குப் பின்னால் "வெனி" என்ற ஒரே வால்தான். பிரெஞ்சுக்காரர் முதலாம் திகதிக்கு மட்டும் வால் வைத்து மற்ற நாட்களை வெறும் எண்ணாகச் சொல்வார்கள். ஜேர்மன்காரர் எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து முடித்துவிடுவார்கள். ஆங்கில வாலுக்கு ஏழு நாள் விதி எழுதிச் சிரமப்படும் நம் பிள்ளைகள், தமிழ் வாலுக்கு ஒரு வரியில் வேலையை முடிக்கலாம். நாள் எண்ணை எடு, "ஆம் திகதி" என்பதை அதோடு ஒட்டு. அவ்வளவுதான். சுலபமான வேலை செய்யப்படாமல் கிடக்கிறது, கஷ்டமான வேலை உலகம் முழுவதும் நடக்கிறது.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். எண்ணுக்குப் பின்னால் போடுவதற்கு நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵ என்று தனித்தனிக் குறிகள் வைத்திருந்தார்கள். யுனிகோட்டில் இன்றும் அவற்றுக்கு இடம் உண்டு. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தமிழுக்குத் திகதி எழுதும் ஒழுங்கு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

தமிழ் வாலிலும் மூன்று குழப்பம் நமக்குள் இருக்கிறது. "5ம் திகதி" என்று எழுதுவோர் பலர். வெறும் "ம்" போட்டால் அதை "ஐந்தும்" என்றும் வாசிக்கலாம். "3ம் 5ம் எட்டு" என்ற வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள். பழைய அச்சில் "5ந் திகதி" என்றும் பார்த்திருப்பீர்கள். ஐந்தாந் திகதி என்ற புணர்ச்சியிலிருந்து வந்தது அது. இன்று வாசிக்கும் பிள்ளைக்கு அது விளங்காது. மூன்றாவது "5வது திகதி". வரிசையைச் சொல்வதற்கு 5ஆவது இடம், 13ஆவது திருத்தம் என்பது சரி. திகதியை நாம் அப்படிப் பேசுவதில்லை. "ஐந்தாவது திகதி வாங்க" என்று முகத்துவாரத்தில் யார் சொல்வார்? எனவே "5ஆம் திகதி" என்ற ஒன்றையே எல்லா இடத்திலும் பிடித்துக்கொள்வோம். எண்ணுக்கும் ஆம் என்பதற்கும் இடையில் இடைவெளியும் வேண்டாம். போன் திரையில் வரி முறியும்போது 5 ஒரு வரியிலும் "ஆம்" அடுத்த வரியிலும் போய் நிற்கும்.

இப்போது நாம் மேலே சொன்ன அந்தப் பிள்ளையின் கதை.

வாலைக் காட்டுவது வேறு, வாலைச் சேமிப்பது வேறு. சங்கங்களிலும் முன்பள்ளிகளிலும் பட்டியல் தயாரிக்கும் தம்பிமார் சிலர் பிறந்த திகதியை "4ஆம் திகதி ஜனவரி 2020" என்றோ, அதையே ஆங்கில வாலோடோ சொல்லாகவே உள்ளே பதிந்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். கணினிக்கோ அது திகதி இல்லை, வெறும் எழுத்து வரிசை. எழுத்து வரிசையை அது இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாகத்தான் ஒப்பிடும்.

தரம் 1 அனுமதிக்கு ஜனவரி 31ஆம் திகதியன்று ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த விதி. 2025இல் தரம் 1 செல்லும் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுக்க ஒரு சங்கம் பட்டியல் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "2020 ஜனவரி 31ஆம் திகதியோ அதற்கு முன்னரோ பிறந்த பிள்ளைகளைத் தா" என்று வினவல். திகதிகள் எழுத்தாகக் கிடக்கின்றன. ஜனவரி 4இல் பிறந்த பிள்ளைக்கு என்ன நடக்கும்? 4 என்ற முதல் குறியும் 31இன் முதல் குறியான 3உம் ஒப்பிடப்படும். நான்கு பெரிது. எனவே அந்தப் பிள்ளை பட்டியலில் இல்லை! பெப்ரவரி 1இல் பிறந்த பிள்ளை? 1 என்பது 3ஐவிடச் சிறிது. உள்ளே! தகுதியுள்ள பிள்ளை வெளியே, ஒரு வருடம் காத்திருக்க வேண்டிய பிள்ளை உள்ளே. யாரும் அநியாயம் செய்ய நினைக்கவில்லை. ஆனாலும் அநியாயம் நடந்துவிட்டது. வெளியே விடப்பட்ட பிள்ளையின் தாய் வந்து கேட்டால், "கம்பியூட்டரில் உங்கள் பிள்ளையின் பெயர் வரவில்லை" என்று பதில் கிடைக்கும். கம்பியூட்டர் சொன்னால் மறுபேச்சு ஏது?

வரிசைப்படுத்தினாலும் இதே கூத்துத்தான். வாலோடு எழுத்தாகப் பதிந்த திகதிகளை ஏறுவரிசையில் கேட்டுப் பாருங்கள். 10, 11, 12 என்று 19 வரை வந்த பிறகுதான் 1 வரும். அதன் பின் 20 தொடங்கும். பாடசாலைக் கணினி அறையில் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டினால் ஒரு பாடவேளையில் விளங்கிக்கொள்வார்கள்.

இதற்கு மருந்து எப்போதோ வந்துவிட்டது. வருடம், மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதுக்கு எழுதும் முறையை ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச நியமமாக 1988இல் வெளியிட்டார்கள். 2020-01-04 என்பது அந்த வடிவம். தரவுத்தளத்தில் திகதிக்கென்றே ஒரு தரவு வகை இருக்கிறது. அதில் பதிந்தால் ஒப்பீடும் சரியாக வரும், வரிசையும் சரியாக வரும். இதில் ஓர் அழகு என்னவென்றால் தமிழும் அதே ஒழுங்கில்தான் பேசுகிறது. "2020ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4ஆம் திகதி" என்று நாம் பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடிக்கிறோம். நாம் வருடத்துக்கும் "ஆம்" போடுகிறோம் என்பதையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஆங்கில வடிவத்தைப் பெயர்த்து எடுத்தால் தமிழ்த் திகதி வராது என்பதற்கு இது இன்னொரு சாட்சி.

நம் ஒவ்வொருவரின் பையிலும் வாலில்லாமல் சேமித்த திகதி ஒன்று இருக்கிறது. அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும், 2016 முதல் வந்த 12 இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கமும் பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இதில் ஒரு நுட்பம்: எல்லா வருடத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே எண்ணுகிறார்கள். எனவே மார்ச் 1 எப்போதும் 61ஆவது நாள். இது தெரியாமல், 1990ஆம் ஆண்டின் 61ஆவது நாள் எது என்று தரவுத்தளத்திடம் நேரே கேட்டால் அது மார்ச் 2 என்று சொல்லும். 1990 லீப் வருடம் இல்லையே! அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த நாளைக் கணக்கிடும் நிரல் எழுதும் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எத்தனை அழகான வால் ஒட்டினாலும் நாளே பிழை என்றால் என்ன பயன்?

நம் பிறைக் கணக்குக்கும் ஒரு வார்த்தை. "ரமழான் பிறை 17" என்று நாம் எண்ணைக் கடைசியில் வைக்கிறோம், வாலே இல்லை. பள்ளிவாசல் மென்பொருள் அதை "17ஆம் திகதி ரமழான்" என்று மாற்றத் தேவையில்லை. நாம் பேசுகிற மாதிரியே காட்டட்டும். தலைப்பிறையைக் கணினி முன்கூட்டியே தீர்மானிக்கவும் வேண்டாம். கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறை பார்த்து அறிவித்த பின்னர்தான் நமக்கு மாதம் தொடங்குகிறது. ஹிஜ்ரித் திகதிக்கு ஒரு தனிக் கட்டம் வைத்து, அறிவித்தல் வந்த பிறகு பதிவதே ஒழுங்கு.

"இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டிய வேலை" என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தில் குறை இல்லை. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆவது திருத்தம் சிங்களத்தையும் தமிழையும் நாடு முழுவதும் நிர்வாக மொழிகளாக்கியது. ஆங்கிலம் இணைப்பு மொழி. அந்த உரிமை அரசியலமைப்பிலிருந்து ஒரு தாயின் போன் திரைக்கு வந்து சேர வேண்டுமென்றால் கடைசியில் அது ஒரு நிரலாளர் எழுதும் ஒரு வரியைத் தாண்டி வர வேண்டும். அந்த வரியை எழுதுவது யார்? மட்டக்குளியிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழ்மொழி மூலம் ஐசிடி படித்துவிட்டு மென்பொருள் நிறுவனங்களுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளும்தான். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் தாம் ஒருவராகவே இருந்தாலும், "இந்த வால் தமிழுக்குப் பொருந்தாது" என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆயிரக்கணக்கான பேருக்குப் போகும் செய்தி திருந்தும்.

"எண்ணை மட்டும் போட்டால் போதாதா? 2025.10.22 என்று எழுதினால் எல்லா மொழிக்கும் சரிதானே?" என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்விதான். படிவத்துக்கும் அட்டவணைக்கும் அதுவே சிறந்தது, நாங்களும் கரும்பலகையில் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் 05.06 என்று மட்டும் எழுதினால் அது மே மாதமா ஜூன் மாதமா என்று குழம்புவோர் உண்டு. ஒரு தாயிடம் வாக்கியமாகப் பேசும் செய்தியில் திகதியும் வாக்கியத்தோடு சேர்ந்து பேச வேண்டும். வாசிக்கத் தெரியாத உம்மாவுக்குப் பேரப்பிள்ளை சத்தமாக வாசித்துக் காட்டும்போது நாக்கு தடுக்கக்கூடாது.

ஆகவே, கணினியில் பட்டியல் வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் ஐந்து வேண்டுகோள்.

1. திகதியைத் திகதி வகையிலேயே பதியுங்கள். உள்ளே வால் வேண்டாம், மாதப் பெயரும் வேண்டாம்.

2. ஏற்கெனவே வாலோடு எழுத்தாகப் பதிந்த பட்டியல் இருந்தால், ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, விடுமுறையில் ஐசிடி பிள்ளைகள் இருவரைக் கொண்டு திகதி வகைக்கு மாற்றுங்கள். மாற்றிய பின் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. வாலை வினவலில் ஒட்டாமல் செய்தியின் வாக்கியத்தில் வையுங்கள். தமிழில் திகதிக்குப் பின்னால் வேற்றுமை வரும்: 12ஆம் திகதிக்கு, 12ஆம் திகதியன்று, 12ஆம் திகதியிலிருந்து. வினவல் 12 என்ற எண்ணை மட்டும் தரட்டும். மிச்சத்தை வாக்கியம் பார்த்துக்கொள்ளும். "12 முதல் 15ஆம் திகதி வரை" என்று கடைசி எண்ணுக்கு மட்டும் வால் வரும் இடங்களிலும் இதுதான் வசதி.

4. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் மூன்று தனி வாக்கியம் வையுங்கள். ஒன்றின் வாலை மற்றதில் ஒட்டாதீர்கள்.

5. அனுப்புவதற்கு முன் 1, 2, 3, 11, 12, 13, 21, 22, 23, 31 ஆகிய பத்து நாட்களையும் போட்டுச் சோதியுங்கள். அதைத் தமிழ் மட்டும் வாசிக்கும் ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்காமல் வாசித்தால் அனுப்பலாம்.

உங்களுக்கு வந்த செய்தியில் இப்படிப்பட்ட வால் இருந்தால், போன் இலக்கத்தையும் பெயரையும் மறைத்துவிட்டுப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். யாரையும் கேலி செய்வதற்காக இல்லை. திருத்தி எழுதினால் எப்படி இருக்கும் என்று நம் உயர்தரப் பிள்ளைகளைக் கொண்டே அதன் கீழே எழுத வைப்போம். அனுப்பிய இடத்துக்கும் மரியாதையாக அறிவிப்போம்.

அடுத்த ஜனவரிக்குப் பட்டியல் எடுக்கும் சங்கங்கள் தயவுசெய்து இப்போதே உங்கள் திகதிக் கட்டத்தைத் திறந்து பாருங்கள். ஜனவரி 4இல் பிறந்த பிள்ளை உள்ளே இருக்கிறதா?

வஸ்ஸலாம்.